என் தகப்பனார் நின்ற கந்தோர்

கல்லூரி நாட்களை நினைத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன்னித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். தண்டித்த ஆசிரியர், ஏமாற்றிய நண்பன், அரைவயிற்றோடு எழும்பிய சாப்பாட்டு மேசை எல்லாம் அவர்களுடைய கையில் இனித்துவிடுகின்றன. பழைய மாணவர் கூட்டங்களில் அத்தகைய உரைகளை முன்வரிசையில் அமர்ந்து, முகம் மாறாமல் கேட்டிருக்கிறேன். என்னையும் பேசச் சொல்லிப் பலமுறை கேட்டார்கள். மறுத்துவிட்டேன். நான் பேச வேண்டியது ஒருவரைப் பற்றியது. அவரும் அந்தக் கூட்டங்களுக்கு வந்து, எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்து, கை தட்டிக்கொண்டிருந்தார். இப்போது எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. ‘அவர்’ என்றே குறிப்பிடுவேன். அந்த மரியாதை என் வளர்ப்பிலிருந்து வருவது, அவருக்கு உரித்தானதன்று.

செட்டிபாளையத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஊர் எங்களுடையது. வாவிக்கு அக்கரை வட்டையில் எங்களுக்கு வயல் இருந்தது. தகப்பனார் விதைப்புக்கும் வெட்டுக்கும் தோணியில் போய்வருவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியதையெல்லாம் நான் படித்து முடித்துவிட்டேன் என்று தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொன்னார். அதன் பிறகு, ஐம்பதுகளின் பிற்பகுதியில், என் பதினாறாவது வயதில், ஒரு தைமாதக் காலையில், றங்குப்பெட்டி ஒன்றுடன் கல்லடிப் பாலத்தைக் கடந்து நகரத்துக் கல்லூரியின் விடுதியில் சேர்ந்தேன்.

விடுதி வாழ்க்கை மணியில் நடந்தது. எழும்ப ஒரு மணி, குளிக்க ஒரு மணி, செபத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வாய் மூடிப் படிக்க ஒன்று. ஊரில் வயிறு சொன்ன நேரத்தில் சாப்பிட்டவன், இங்கே மணி சொன்ன நேரத்தில் பசிக்கப் பழக வேண்டியிருந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் சாரனோடு நுழையக்கூடாது. களிசான் என்ற நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் வேண்டும். பேசுவதானால் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரங்கள் நான் பேசவில்லை. உப்பு வேண்டுமென்று கேட்கத் தெரியாததால் உப்பில்லாமல் சாப்பிட்டேன். அதை இன்று நகைச்சுவையாகச் சொல்லலாம். அன்று அது நகைச்சுவையாக இருக்கவில்லை.

என் சப்பாத்து புதியது. கால் வளருமென்று தகப்பனார் அரை விரற்கடை பெரிதாக வாங்கியிருந்தார். விடுதியில் பொருள்கள் களவு போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் வாரம் முழுவதும் அந்தச் சப்பாத்துகளைத் துவாயில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்தேன். ஒருவரும் காணவில்லை என்று எண்ணியிருந்தேன்.

ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக்கும் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தலைவர். எங்கள் மேசைத் தலைவராக இருந்தவர்தான் நான் மேலே குறிப்பிட்டவர். எனக்கு இரண்டு வகுப்பு மேல். தகப்பன் அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. மாற்றலாகிப் பல ஊர்களுக்குப் போகிறவர் என்பதால் மகனை விடுதியில் விட்டிருந்தார். அவருக்கு நல்ல குரல், நல்ல ஆங்கிலம், நெற்றியில் விழும் தலைமயிர். ஆசிரியர்கள் அவரைத் தோளில் தட்டிப் பேசுவார்கள்.

மூன்றாம் வாரத்தில் அவர் உப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “கேட்டு வாங்கடா,” என்று மெதுவாகத் தமிழில் சொல்லி, அதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பதென்றும் சொல்லித்தந்தார். கரண்டியும் முள்ளும் பிடிக்கும் விதம், தும்மினால் என்ன சொல்வது, ஆசிரியரின் மனைவி வந்தால் எப்போது எழும்புவது எல்லாம் அவரிடமே கற்றேன். அந்த நாட்களில் அவர் கேட்டிருந்தால் என் சப்பாத்துகளைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

பதிலுக்கு அவர் கேட்டது சிறிய விடயம். “உங்கட ஊர்ப் பக்கம் கொம்பு விளையாட்டில தூசணமாப் பாடுவாங்களாமே. எனக்குச் சொல்லு பாப்பம்.”

கொம்பு விளையாட்டை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறக்கும் காலத்தில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரண்டு சேரியாரும் எதிரெதிராக இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்ற சேரி ஊர்வலமாக வந்து தோற்றவர்களுடைய வாசலில் வசை பாடும். தாயையும் பாடும், தமக்கையையும் பாடும், உலையில் கிடக்கும் அரிசியையும் பாடும். தோற்றவர்கள் தலை குனிந்து நின்று கேட்க வேண்டும்; தாங்கள் வெல்லும் நாளில் பதில் பாடலாம். கோபித்தால் அம்மனுக்கு ஆகாது. கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் வசை கேட்டவன் பாடியவனிடம் போய், “கொம்புதான், வேற ஒண்டுமில்ல” என்பான். அதோடு சரி. அந்த வசையை அதன் பிறகு ஒருவர் வாயெடுத்தால் ஊரே அவரைக் கண்டிக்கும்.

என் தகப்பனார் தென்சேரிக்கு முன்னின்று வடம் பிடிப்பவர். வசைகள் எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு பச்சை மட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இடையிடையே விழுந்து சிரித்தார். என் ஊரைப் பற்றி ஒருவர் இவ்வளவு ஆவலாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் புதிய மாணவர்களுக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். மூத்த மாணவர்கள் புதியவர் ஒவ்வொருவரையும் மேடையில் நிறுத்திப் பகிடி பண்ணுவதும், புதியவர்கள் முடிந்தால் பதில் கொடுப்பதும் விடுதி வழக்கம். என் முறை வந்தபோது மேசைத் தலைவர் எழுந்தார். அழகாகப் பாடினார்:

“வண்டியில வந்திறங்கின வட்டைக்காட்டு ராசா,
சப்பாத்தைத் தலகணியா வச்சவரு லேசா.”

மண்டபம் அதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “சும்மா நிக்காத. உங்கட ஊர் மாதிரிப் பதில் பாடு பாப்பம்,” என்றார்.

நான் அதைக் கொம்பு என்று எடுத்துக்கொண்டேன். பாட்டில் ஒருவன் வசை பாடுகிறான், பதில் பாடு என்கிறான். எங்கள் ஊரில் பிறந்த எவனும் வேறு விதமாக எடுத்திருக்க மாட்டான். நிமிர்ந்து நின்று, தொண்டை திறந்து, அவருடைய தாயையும் தமக்கையையும் அவர்கள் வீட்டு உலையையும் சேர்த்துப் பாடினேன். அந்த வரிகளை இங்கே எழுதுவது என் வயதுக்குத் தகாது. மாணவர்கள் மேசையில் தட்டினார்கள். மேசைத் தலைவர் எல்லோரையும் விட உரத்துச் சிரித்தார். பிறகு தட்டல் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக நின்றது. விடுதிப் பொறுப்பாசிரியர், மனைவியோடும் வெளியூர் விருந்தினர் இருவரோடும் வாசலில் நின்றிருந்தார்.

“இதற்கு யார் பொறுப்பு?” என்று பொறுப்பாசிரியர் கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. பயத்தால் அன்று. பாடியவன் பேசக்கூடாது, வசை கேட்டவன்தான் “கொம்புதான், வேற ஒண்டுமில்ல” என்று முடித்துவைக்க வேண்டும். அதுதான் முறை. ஆகவே மேசைத் தலைவருடைய முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அவர் சொல்வார் என்று முழுதாக நம்பினேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: “எங்களுக்கு அந்தப் பாட்டு முன்பின் தெரியாது, சேர். இப்படிப் பாடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் தாயாரைப் பற்றி…” அந்த இடத்தில் குரல் தழுதழுத்து நின்றது. நடிப்பிலும் அவர் கெட்டிக்காரர்.

என் மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. தகப்பன் வந்து பொறுப்பேற்றாலன்றி விடுதியை விட்டு நீக்கப்படுவேன் என்று கடிதம் போனது. ஆங்கிலக் கடிதத்தைத் தபால்காரரே தகப்பனாரைத் தனியே அழைத்து வாசித்துப் பொருள் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை தகப்பனார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. அம்மன் கோயிலுக்குப் போகும் உடுப்பு. கந்தோரில், கல்லூரியின் அலுவலக அறையில், பொறுப்பாசிரியர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பாதிக்கப்பட்டவர் என்பதால் மேசைத் தலைவருக்கும் பக்கத்தில் ஒரு கதிரை கொடுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது கதிரை ஒன்று சுவரோரம் வெறுமனே கிடந்தது. என் தகப்பனாரை அதில் இருக்கும்படி எவரும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சால்வையைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஊரில் எவர் முன்னும் அப்படி நின்று நான் கண்டதில்லை.

“பிள்ளை முறை தெரியாம பாடிப்போட்டான், ஐயா. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறன். படிக்க விடுங்க,” என்றார். பிறகு பதினெட்டு வயதான அந்த மாணவர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “தம்பி, மனசில வச்சிராதீங்க. அம்மாவுக்கும் நான் கேட்டதாச் சொல்லுங்க.”

அவர் கதிரையில் இருந்தபடியே, “பரவாயில்ல,” என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. பொறுப்பாசிரியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

பஸ் நிலையம் வரை தகப்பனாரோடு நடந்தேன். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு கடையில் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டு, “படி, மனே. அதப் பெரிசா எடுக்காத,” என்றார். ஏறப்போகும்போது திரும்பி, “ஊட்டில சொல்லாத. காணி விசயமா அரசாங்கக் கச்சேரிக்குப் போறன் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டு வந்த நான்,” என்றார்.

பஸ் போன பின் நான் அந்த இடத்திலேயே நின்று முடிவெடுத்தேன். மேசைத் தலைவர் என் தகப்பனாருக்கு முன்னால் நின்று கை கூப்ப வேண்டும். அதற்கு எத்தனை வருடமானாலும் சரி. அதுவரை கல்லூரி எனக்குப் படிப்புக்கூடமன்று, காத்திருக்கும் இடம்.

பொருந்திப்போவது என்பதைப் பலர் இளக்கமான காரியமாக எண்ணுகிறார்கள். நான் பகைமையால் பொருந்தினேன். ஒவ்வொரு நாளும் அகராதியிலிருந்து இருபது சொற்கள். அவற்றை உப்புக் கேட்கும் அதே மேசையில், அவருடைய முகத்துக்கு எதிரே பயன்படுத்தினேன். சப்பாத்தைக் கண்ணாடி போலத் துடைத்தேன். செபத்தில் பிந்தியதில்லை, சங்கக் கூட்டங்களில் எழுந்து பேசினேன். முதலாம் தவணை முடிவில் வகுப்பில் ஏழாவதாக இருந்தவன் ஆண்டு முடிவில் முதலாவதாக வந்தேன். ஆசிரியர்கள் என் தோளிலும் தட்டத் தொடங்கினார்கள். நகரம் என்னைத் திருத்திவிட்டது என்று பொறுப்பாசிரியர் பெருமையாக அறிக்கையில் எழுதினார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாணவர்கள் மட்டும் அந்த வசையை விடவில்லை. குழாயடியில், விளையாட்டிடத்தில், யாராவது அதன் முதல் வரியை முணுமுணுப்பார்கள். எங்கள் ஊரில் வசைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. நகரத்தாருக்கு அப்படி ஒரு நாள் இல்லை என்பதை அந்த ஒரு வருடத்தில் அறிந்தேன்.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் என்னைப் படிப்பு மண்டபத்தின் மொனிட்டராக நியமித்தார்கள். சனிக்கிழமைகளில் மாணவர்களுடைய மேசை லாச்சிகளைத் திறந்து பார்த்து, படிப்புக்கு ஆகாத பொருள்களை எடுத்து, பதிவேட்டில் எழுதி, பொறுப்பாசிரியரிடம் ஒப்படைப்பது மொனிட்டரின் கடமை. மூன்றாவது சனிக்கிழமை மேசைத் தலைவருடைய லாச்சியின் அடியில் பச்சை மட்டைக் கொப்பி கிடந்தது.

அதை நான் களவெடுக்கவில்லை. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்காலத்தில் அப்படி ஒரு கதை உலாவியது. விதிப்படி எடுத்தேன். ‘கொப்பி ஒன்று, பாடத்துக்குரியதன்று’ என்று பதிவு செய்தேன். பிறகு திறந்து பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த வசைகள் அனைத்தும் அவருடைய கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் சப்பாத்துப் பாட்டு, பல முறை வெட்டித் திருத்தியபடி. அதற்குக் கீழே பென்சிலால்: ‘தேநீர் விருந்தில் இவனைப் பாட வைக்க வேண்டும். நல்ல கூத்தாக இருக்கும்.’

ஏறாவூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருவன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். வாப்பா புடைவைக் கடை வைத்திருந்தார். அவனிடம் மட்டும் காட்டினேன். அவன் வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினான்.

“இத எப்ப குடுக்கப் போறாய்?”

“மாணவ முதல்வர் நியமனம் அடுத்த வெள்ளிக்கிழமை. அண்டைக்குக் காலையில.”

“அவனுக்குத்தான் அது எண்டு எல்லாருக்கும் தெரியும், மச்சான். அவண்ட வாப்பாவும் வாறாராம் பாக்க.”

“அதுக்குத்தான் வெள்ளிக்கிழம.”

“இண்டைக்கே குடுத்திட்டா நீ நல்ல பிள்ள. வெள்ளிக்கிழம வரைக்கும் வச்சிருந்து குடுத்தா, நீயும் அவன்தான்.”

“எண்ட அப்பா நிண்டத நீ பாக்கல்ல.”

“பாக்கல்லதான்,” என்று அவன் எழுந்து போனான். அவனோடு எனக்கு இன்றுவரை பகையில்லை. ஆனால் அந்தப் பேச்சில் அவன் சொன்னது சரியென்றும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை செபம் முடிந்ததும் கொப்பியையும் பதிவேட்டையும் பொறுப்பாசிரியருடைய மேசையில் வைத்தேன். அவர் நேர்மையானவர், அதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். மேசைத் தலைவரை அழைத்து, “இது உன் கையெழுத்தா?” என்று கேட்டார். அவர் வாசலில் நின்ற தன் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமென்று தலையசைத்தார். பத்து மணிக் கூட்டத்தில் மாணவ முதல்வராக வேறொருவருடைய பெயர் வாசிக்கப்பட்டது. அப்போதிக்கரி எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த மனிதருடைய முதுகைப் பார்த்து நான் இரங்கவில்லை.

மத்தியானம் கந்தோரில் பொறுப்பாசிரியர் எங்கள் இருவரையும் எதிரெதிராக நிறுத்தி, மன்னிப்புக் கேட்கும்படி அவருக்குச் சொன்னார். அவர் கையை நீட்டினார். நான் கைகளை அசைக்கவில்லை.

“என்னிடமன்று, சேர். இந்த அறையில் கை கூப்பியவர் என் தகப்பனார். அவரிடம் கேட்கட்டும். எங்கள் ஊருக்கு வந்து, தமிழில் கேட்கட்டும்.”

பொறுப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருடத்துக்கு முன் உப்புக் கேட்கத் தெரியாத பையன் இவ்வளவு திருத்தமான ஆங்கிலத்தில் நிபந்தனை விதிப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில், “நியாயம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் புறப்பட்டோம். அவர் முன் ஆசனத்தில், நான் பின்னால். வழிநெடுக அவருடைய பிடரியைப் பார்த்தபடி வந்தேன். அவ்வளவு மகிழ்ச்சியான பயணம் என் வாழ்க்கையில் குறைவு.

களிசானும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒருவர் எங்கள் படலையைத் திறந்தால் ஊர் சும்மா இருக்காது. அயல் வீட்டார் வேலியோரம் கூடிவிட்டார்கள். வடசேரியைச் சேர்ந்த ஒருவர், என் தகப்பனாருடைய மைத்துனர் முறையானவர், வெற்றிலை கேட்கும் சாட்டில் உள்ளேயே வந்துவிட்டார். தகப்பனார் அப்போதுதான் வயலிலிருந்து வந்து முழங்கால் சேற்றோடு கிணற்றடியில் நின்றார். தாயார் அடுக்களை வாசலில்.

மேசைத் தலைவர் முற்றத்தின் நடுவில் நின்று கை கூப்பினார். பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தார்: “போன வருசம் மகன் பாடின பாட்டுக்காக நீங்க கல்லூரிக் கந்தோரில வந்து நிண்டு எங்களிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. பிழை செஞ்சது நான். உங்களக் கை கூப்ப வச்சதும் நான்தான். நான் பொய் சொல்லி…”

“வெயிலுக்க வந்திருக்கிறீங்க, தம்பி,” என்று தகப்பனார் இடைமறித்தார். “அதெல்லாம் கிடக்கட்டும். முதல்ல இளநி குடிங்க.”

“இல்ல, நான் சொல்லி முடிக்க வேணும். உங்கள அப்படி நிக்க வச்சி…”

“சொன்னது காணும், தம்பி.”

ஆனால் சொன்னது ஏற்கனவே வேலிக்கு வெளியே போய்விட்டது. தாயார் என்னையும் தகப்பனாரையும் மாறி மாறிப் பார்த்தார். “காணி விசயமாக் கச்சேரிக்குப் போன எண்டெல்லுவா சொன்ன நீங்க?” என்றார். அவருடைய குரல் பெரிதாக இல்லை. தகப்பனார் குனிந்து காலைக் கழுவினார். வெற்றிலை கேட்க வந்தவர் வெற்றிலையை மறந்து, மெல்லப் படலையைத் தாண்டிப் போனார்.

அதன் பிறகு நடந்தது விருந்து. தகப்பனார் அவரைப் பாயில் இருத்தி, தாயார் ஆக்கிய மீன்கறியைப் பரிமாறி, எருமைத் தயிரை வழித்துப் போட்டார். எனக்குச் சொல்லித்தந்த கரண்டி வித்தை எதுவுமில்லாமல் அவர் கையால் தின்றார். தகப்பனார் அவருடைய படிப்பை விசாரித்தார். தாயாருடைய சுகத்தை விசாரித்தார். புறப்படும்போது ஒரு சட்டி தயிரும் கட்டிக் கொடுத்தார். என் முகத்தை ஒரு முறையும் பார்க்கவில்லை. படலையடியில் மட்டும், எனக்கு மாத்திரம் கேட்கும்படி சொன்னார்: “நான் மூடி வச்சதத் திறந்திட்டாய், மனே.”

திரும்பும் பஸ்ஸில் மேசைத் தலைவர் தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். “உங்கட அப்பா பெரிய மனிசன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. இந்த முறை அது நடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை.

“அவர் உன்ன விட்டிட்டார். நான் விடல்ல,” என்று சொல்லிவிட்டு, எழும்பி வேறு ஆசனத்துக்குப் போனேன்.

அந்த வைகாசியில் தென்சேரியின் கொம்பு முறிந்தது. நான் விடுமுறை கேட்டு ஊருக்குப் போயிருந்தேன். வடசேரியார் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்று பாடியவர் அந்த வெற்றிலைக்காரர்:

“பட்டணத்துக் கந்தோரில கைகட்டி நிண்டவரே,
பெத்த மகன் பாட்டுக்குப் பிழைகேட்டு வந்தவரே.”

ஒன்றன்று, எட்டு வரிகள். சிறுபிள்ளைகள் கூடத் திருப்பிப் பாடினார்கள். தகப்பனார் முறைப்படி தலை குனிந்து நின்று முழுவதையும் கேட்டார். தாயார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குளிர்த்தி முடிந்த அன்று தகப்பனாரே அந்த மைத்துனரிடம் போய், “கொம்புதான், மச்சான், வேற ஒண்டுமில்ல,” என்றார். இருவரும் ஒரே சுருட்டுக்கு நெருப்பு மூட்டிக்கொண்டார்கள். ஊர் அதோடு அதை விட்டுவிட்டது. அதன் பின் அந்த வரிகளை எவரும் பாடி நான் கேட்டதில்லை.

அந்த மனிதரை ஊருக்கு அழைத்து வந்திராவிட்டால் அந்த எட்டு வரிகள் பிறந்திரா என்று சிலர் சொல்வார்கள். என் மனைவியே சொல்லியிருக்கிறார். நான் அதை ஏற்பதில்லை. ஏற்றால் குற்றத்தில் அவருடைய பங்கு குறைந்துவிடும். குறைக்க நான் ஆயத்தமாக இல்லை.

மீதி ஆண்டை ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் நீட்டிய கறிக் கிண்ணத்தை நான் வாங்கியதில்லை. இடையில் இருந்தவன் வாங்கித் தருவான். இரண்டு முறை அவர் என்னோடு பேச முயன்றார். இரண்டு முறையும் நான் ஆங்கிலத்தில், குற்றம் காண முடியாத மரியாதையோடு, நேரமில்லை என்றேன்.

மார்கழியில் அவர் கல்லூரியை விட்டுப் போகும் நாளில் எல்லோரிடமும் ஓட்டோகிராப் புத்தகம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார். ரோஸ், மஞ்சள், இளநீலம் என்று நிறம் நிறமான தாள்கள். கடைசியாக என்னிடம் வந்தார். “ஏதாவது எழுது. ஏசினாலும் பரவாயில்ல,” என்றார்.

புத்தகத்தை வாங்கி ஆற அமரப் புரட்டினேன். நண்பர்கள் கவிதை எழுதியிருந்தார்கள், படம் கீறியிருந்தார்கள். ஓர் இளநீலத் தாளில் பொறுப்பாசிரியர், முன்பு நடந்ததையெல்லாம் மறந்து, அவருடைய எதிர்காலத்தை வாழ்த்தி ஒரு பக்கம் நிறைய எழுதி, கல்லூரி முத்திரையும் இட்டிருந்தார். உத்தியோகம் தேடப் போகிற ஒருவர் வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருக்கக்கூடிய பக்கம் அது. அதே தாளின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

அங்கே எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. என் தகப்பனாருடைய முழுப்பெயரையும் ஊரின் பெயரையும், கல்லூரி எனக்குப் பழக்கிய மிக அழகான எழுத்தில், பக்கத்தின் நட்டநடுவில் எழுதினேன். மை காயும்வரை கையில் வைத்திருந்து பிறகு கொடுத்தேன்.

அவர் வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். கிழித்தால் இரண்டும் போகும் என்பது அவருக்கு விளங்கியதை நான் கண்டேன்.